அத்தையின் கூறைப்புடவை பேசிய கதை

திரைப்பட ஒலித்தொகுப்பாளர் ஸுஷ்மாவுக்கு விருது கிடைத்ததைச் சின்னக் காஞ்சிபுரத்தில் தமக்கே கிடைத்ததாகக் கொண்டாடியவர் அவளுடைய வத்ஸலா அத்தை. விருது வாங்கித் தந்த படத்தின் கடைசிக் காட்சியில் நாயகி ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போகிறாள்; அவளுடைய பட்டுப்புடவை மட்டும் சரசரக்கிறது. அந்தச் சரசரப்பைப் பதிவு செய்வதற்காகவே அத்தை தம் கூறைப்புடவையைச் சென்னைக்குக் கொடுத்தனுப்பினார். பெண்ணுக்குச் சினிமாவில் என்ன வேலை என்று குடும்பமே முகத்தைத் திருப்பிக்கொண்ட காலத்தில், பீரோவைத் திறந்தவர் அவர் ஒருவர்தாம்.

ஆனால், பல ஆண்டுகள் கட்டித் துவண்டுபோன அந்தப் பட்டு ஒலிவாங்கியின்முன் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஸுஷ்மா பாலிதீன் பையோடு வடாமைக் கசக்கித்தான் வேலையை முடித்தாள். அத்தையிடம் அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுப் பொங்கல் விடுமுறைக்கு ஸுஷ்மா வந்திருந்தாள். அத்தை தெருப் பெண்களைக் கூடத்தில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார்.

"கேட்டேளா? பேசறது என் புடவை!"

தறிக்காரர் வீட்டுப் பெரியநாயகி சிரித்தாள். "எங்க தறியில அறுத்த புதுப்புடவையே இவ்ளோ சத்தம் போடாது மாமி! எங்க, கட்டிக்கினு வந்து நடந்து காட்டுங்க, பாக்கலாம்."

"அதுக்கென்ன, இதோ வரேன்!"

தெருவே பார்க்க அத்தையின் சொல் பொய்யாகிவிடும். அவர் புடவை மாற்றி வருவதற்குள் ஸுஷ்மா அடுக்களைக்குள் பாய்ந்து, வடாம் பையைத் தேடிப் பிடித்து, கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டாள்.

அத்தை நடந்தார், சரசர. திரும்பினார், சரக். முந்தானையை உதறித் தோளில் போட்டார், சரேல்.

பெரியநாயகி வாயைப் பிளந்தாள். "அய்ய, மெய்யாலுமே பேசுதும்மா!"

எல்லாரும் காபி குடித்துக் கிளம்பியபின் அத்தை அடுக்களைக்கு வந்தார். வடாம் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"முந்தானை தோள்ல விழுந்தப்புறம் சாவகாசமா வரது உன் சத்தம். விருது வாங்கினவளாடி நீ?"

ஸுஷ்மா விழித்தாள். "அத்தை, உங்களுக்கு எப்போ தெரியும்?"

"என் புடவையோட குரலும் வடாம் நொறுங்கற சத்தமும் எனக்குத் தெரியாதா? முதல் தடவை படம் பார்த்தன்னிக்கே தெரியும்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல கட்டிண்டு வந்தேள்?"

"நீ அடுக்களைக்கு ஓடுவேன்னுதானே கொசுவத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்! சரி, நொறுக்கினதெல்லாத்தையும் பொரி. நீதான் தின்னு தீர்க்கணும்."