மூன்று வருஷம் நின்ற லாரி

அழகியநம்பியின் லாரி மூன்று வருஷமாகக் கரமனையில் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்குள்ளேயே நின்றது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு முடிகிறவரை யாரும் அதைத் தொடக் கூடாதென்று கோர்ட்டு உத்தரவு. எழுபத்தாறாம் வருஷம் ஆவணியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மறுநாளே மெக்கானிக் ஞானையனுக்கு ஆள் விட்டார். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற பம்பை, வண்டி நிற்பதற்கு ஒரு மாதம் முன்பு புதிதாக மாட்டியவன் அவன்தான்.

ஞானையன் பழைய டீசலை வடித்து, டேங்கைக் கழுவி, புது டீசலைக் கழுத்து வரை ஊற்றினான். புது பேட்டரி வைத்து, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினான். எஞ்சின் கறுப்பாய் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பார்க்கக் கூடியிருந்த, மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் ஏழு பேரும் சிரித்தார்கள். பத்து நிமிஷம் ஓடி, மூச்சு முட்டினாற்போல அது நின்றது. குழாயில் மறுபடி காற்றெடுத்தான். ஓடியது. மறுபடியும் நின்றது. நாலாவது தடவை நின்றபோது அழகியநம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னவாக்கும் கோளாறு?"

தெரியவில்லை என்று சொல்ல ஞானையனுக்கு நாக்கு எழவில்லை. குனிந்து பம்பைப் பார்த்தான். துருவும் தூசியுமாக இருந்தது. அதன் கைப்பிடியை அடித்துப் பார்த்தான், இறுகியிருந்தது.

"மொதலாளி, இது நான் மாட்டின பம்ப் இல்லே. நான் மாட்டினது புதுசாக்கும். ஆரோ அதக் கழட்டிட்டு எங்கயோ கெடந்த பழச வச்சிருக்கான்."

கிட்டங்கிச் சாவி மூன்று வருஷமும் காவல்காரர் வேலாயுதனிடம்தான் இருந்தது. எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அழகியநம்பி, "என்ன வேலாயுதா?" என்று மட்டும் கேட்டார்.

வேலாயுதன் உள்ளே போனார். தன் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து அத்தனை பேர் முன்னாலும் தரையில் கவிழ்த்தார். இரண்டு வேட்டி, ஒரு டார்ச், மனைவி முத்தாரம்மாள் கட்டிக் கொடுத்த புட்டுப் பொட்டலம். "வேற எங்கயும் நோக்கணுமா மொதலாளி?" என்றார். சாவியை மட்கார்டின் மேல் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் ஞானையன் பம்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினான். அழுக்குப் போனதும் புதுப் பெயிண்டும், மாட்டிய அன்று அவனே அடையாளத்துக்குக் கொத்திய புள்ளியும் தெரிந்தன. அவன் மாட்டிய அதே பம்ப். திரும்ப மாட்டி ஓட்டினான். பத்து நிமிஷத்தில் நின்றது. டீசல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று டேங்க் வெளிக்காற்றை உள்ளே இழுத்தது.

மூடியில் காற்றுப் போகிற சிறு துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. டீசல் இறங்க இறங்க உள்ளே காற்றுப் போக வழியில்லை, பம்ப் என்ன இழுத்தும் வரவில்லை. கம்பியால் குத்தினான். பிறகு எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடியது. அந்த நல்ல சத்தத்தைக் கேட்கக் கேட்க அவனுக்குக் காதுமடல் சுட்டது.

சாயங்காலம் அழகியநம்பி வந்தார். "பம்ப் மாத்தினியா?"

"செரியாச்சு மொதலாளி."

"நீ இல்லேன்னா அந்தக் கள்ளனுக்கு இன்னும் சோறு போட்டிட்டுல்லா இருப்பேன்."

ஞானையன் கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினான்.

மூன்றாம் நாள் காலை டீக்கடையில் ஒரு சுமட்டுக்காரன் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் வேலாயுதன் பம்போடு இரண்டு டயரையும் விற்றவராக ஆகியிருந்தார். "மேஸ்திரிதான் கண்டுபிடிச்சாரு," என்று அவன் ஞானையனைக் காட்டினான். ஞானையன் பாதி டீயை வைத்துவிட்டு, வேலாயுதன் வீடு இருக்கிற மணக்காட்டுக்கு நடந்தான்.

முத்தாரம்மாள் கதவைத் திறந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், "உள்ள இருக்காவ," என்றாள். வேலாயுதன் முழுவதையும் கேட்டார்.

"குளவியா?"

"ஆமா அண்ணாச்சி. எனக்கு அன்னைக்கே தெரியும். பேரு கெட்டுப்போகும்னு வாய மூடிட்டேன். என்ன மன்னிக்கணும்."

"ஏழு சுமட்டுக்காரனும் மொதலாளியும் பாக்கத்தான் நான் பெட்டியக் கவுத்தேன். நீ என்கிட்ட மட்டும் வந்து பறஞ்சா எப்படி மேஸ்திரி?" குரலில் கோபம் இல்லை. அதுதான் ஞானையனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை கிட்டங்கியில் மூட்டை ஏற்றுகிற நேரத்தில், எல்லாரையும் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, அவன் டேங்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னான். பாதியில் நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்து முடித்தான். ஒருவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு மூட்டையைத் தூக்கினான். அழகியநம்பி, "ஒரு வயசாளிய என் வாயாலே கள்ளன்னு சொல்ல வச்சுட்டியே," என்றார்.

அன்றே அவர் ஆளனுப்பிக் கூப்பிட்டும் வேலாயுதன் வரவில்லை. தம்பானூரில் ஒரு லாட்ஜில் காவலுக்குச் சேர்ந்துவிட்டார். ஞானையன் அந்தத் தெருவழியே போவதை நிறுத்தினான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள்.

"வண்டி ஓடுதா?" என்று வேலாயுதன் கேட்டார்.

"ஓடுது அண்ணாச்சி."

"செரி." குடையை விரித்துக்கொண்டு அவர் நடந்தார். அவரிடம் சொல்ல ஞானையன் எத்தனையோ யோசித்து வைத்திருந்தான். குடை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போய்விட்டது.