தையலுக்குள் போன வருஷங்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். முதல் தடவை வாய்மொழித் தேர்வில் தோற்றதே அதனால்தான். பழைய கிரேக்க நடிகர்கள் உயரமான அடி வைத்த பூட்ஸ் போட்டு நடித்தார்கள் என்று தேர்வாளர் அம்மா சொல்ல, "அதைப் போட்டுக்கிட்டு நடக்கவே முடியாது, இதுல ஆடினாங்களாமா? அதெல்லாம் பிற்காலத்துல வந்ததுங்க!" என்று எகிறிவிட்டேன். சொன்னது சரிதான். சொன்ன விதம்தான் ஊரைக் கூட்டியது. இரண்டாம் தடவை, எதற்கு வம்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடித்த பல் கடைசிவரை திறக்கவில்லை. அதற்கும் ஃபெயில்.

நான் ஒரு நாடக அரங்கின் உடை அறையில் தையல்காரி. பத்தொன்பது வருஷம் ஆகிறது. எங்கள் தலைமைத் தையல்காரர் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் எனக்குத்தான், நாடக உடை டிப்ளமோ மட்டும் கையில் இருந்தால். மற்ற பாடங்களெல்லாம் முடித்தாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று: மேற்கத்திய நாடக வரலாறு, பழங்காலம் முதல் பரோக் காலம் வரை. மூன்று தடவைக்கு மேல் உட்கார விடமாட்டார்கள். இதுவும் போனால் யாரோ ஒருவர் வெளியிலிருந்து வந்து உட்காருவார். நான் கடைசிவரை அவர் சொல்லும் அளவுக்கு வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறாள். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள், வந்ததும் என் உயிரை வாங்குவாள். என் சமையலில் குறை, என் சத்தத்தில் குறை, நான் துணி மடிக்கும் அழகில் குறை. நானும் சளைத்தவளில்லை. வீட்டுக்காரர் எங்கள் நடுவில் புகுந்து பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டு, இப்போதெல்லாம் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார்.

ஆனால் இரண்டாம் தடவை நான் தோற்று வந்த அன்று அவள் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. மறுநாள் என் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, நீங்க வெங்காயம் நறுக்குங்க. நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. கோவம் வந்தா வெங்காயத்து மேல காட்டுங்க."

அஞ்சு மாசம் இப்படியே போனது. ஒரு காட்சியில் பேசும் நடிகர்கள் எத்தனை பேர், சேர்ந்து பாடும் கோரஸ் எங்கே நிற்கும், தேவாலயத்துக்குள் பாடிய நாலு வரி எப்படி நாடகமாகி வண்டியேறித் தெருவுக்கு வந்தது, எல்லாம் வெங்காயத்தோடு வெந்தது.

வருஷங்கள்தான் எனக்கு மனசில் நிற்கவில்லை. அதற்கு ஒரு வழி செய்தேன். உடை அறையில் மிஞ்சிய லைனிங் துணியில் ஆறு பட்டைகள் கிழித்து, ஓர் இன்ச்சுக்கு இருபது வருஷம் என்று கணக்கு வைத்து, நடந்ததையெல்லாம் பேனாவால் எழுதி, ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தேன். ஏதென்ஸில் ஆரம்பித்து வெனிஸின் பாட்டு நாடகமான ஆப்பரா தாண்டி முடியும். ஒன்பது அடி நீளம். அதைச் சமையலறைச் சுவர் நெடுக ஒட்டிவைத்து மனப்பாடம் செய்தேன்.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. நாத்தனார் பட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் அண்ணி, இதுல ஆம்பளைங்களே பொம்பளை வேஷம் போட்டாங்கன்னு போட்டிருக்கீங்க. பொம்பளைங்க எப்பதான் வந்தாங்க?"

"அதெல்லாம் எழுதியிருக்கேன், கண்ணைத் திறந்து பாரு."

"திறந்துதான் இருக்கு. இல்லையே."

"போடி, எழுதினவ எனக்குத் தெரியாதா?" என்று கரண்டியோடு வந்தேன். தேடினேன். இல்லை. சத்தியமாக எழுதினேன். எழுதியபோது சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. என்ன எழுதினேன் என்பதுதான் ஞாபகம் இல்லை.

அவள் பட்டையைச் சுவரிலிருந்து உரித்து, விரலால் ஓரமாகத் தடவிக்கொண்டே போனாள். "தபால் பையில தையல் ஓரத்துலதான் கடுதாசி போய் மாட்டிக்கும். தினம் தடவிப் பாக்குறது எங்க வேலை" என்று சொல்லி, ஒரு இணைப்பில் நின்று பின்பக்கம் திருப்பினாள். தையலுக்குப் பிடித்த துணியில் என் கையெழுத்து பாதி தெரிந்தது.

பத்தொன்பது வருஷத்தில் தையலுக்கு அரை இன்ச் விடாமல் நான் ஒரு கைக்குட்டைகூட வெட்டியதில்லை. எழுதும்போது ஓரம்வரை எழுதிவிட்டு, தைக்கும்போது கை தன் பழக்கத்துக்கு இரண்டு பக்கமும் அரை அரை இன்ச் பிடித்துவிட்டது. ஐந்து இணைப்பு, ஒவ்வொன்றிலும் இருபது வருஷம். நூறு வருஷத்தை நானே தைத்து மூடிவிட்டு, மீதியை மட்டும் உருப்போட்டிருக்கிறேன்!

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். "எல்லாம் போச்சு, எனக்குப் படிப்பு வராது, விடு" என்றேன்.

"அழுது முடிச்சுட்டுச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் பிரிச்சிடறேன்" என்று அவள் தையல் பிரிக்க உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து உரக்கப் படித்தாள். ரோமில் மைம் என்ற ஆட்டத்தில் முகமூடி இல்லாமல் பெண்கள் நடித்தது ஒரு தையலுக்குள் இருந்தது. 1564இல் ஒரு நடிகை நாடகக் குழுவின் ஒப்பந்தத்தில் தன் பெயரைப் போட்டது இன்னொன்றில். மூன்று நாளும் லீவு போட்டு என்னை விடாமல் கேட்டாள்.

தேர்வறையில் அதே அம்மா. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நிறையக் கேட்டார், நிதானமாகச் சொன்னேன். கடைசியாக, "நடிகைகள் மேடைக்கு வந்ததைப் பத்திச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "அதுக்கு முன்னாடி பெண்களே நடிக்கலையா?" என்று மடக்கினார். மைமையும் சொன்னேன். அவர் ஏதோ எழுதி, "பாஸ்ங்க. நல்லாச் செஞ்சீங்க" என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

நாத்தனார் நடைபாதை பெஞ்சிலிருந்து எழுந்தாள். என் கண்ணில் நீர் தாரை தாரையாக வழிகிறது, எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"என்னங்க நினைச்சிட்டிருக்கீங்க? எங்க அண்ணிக்குத் தெரியாததா? நாள் பூரா மிஷின் மிதிச்சிட்டு வந்து, நின்னுக்கிட்டே படிச்சவங்க அவங்க! வேணும்னா என்னைக் கேளுங்க. கூட இருந்து கேட்ட எனக்கே அத்தனையும் தெரியும்னா அவங்களுக்குத் தெரியாதா? கிரேக்கத்துல பேசுற நடிகருங்க மூணு பேரு! ரோம்ல கல்லுல கட்டின முதல் அரங்கம் கிமு அம்பத்தஞ்சு! வெனிஸ்ல டிக்கெட் வாங்கிட்டு யார் வேணும்னாலும் போற முதல் ஆப்பரா ஆயிரத்து அறுநூத்தி முப்பத்தேழு! இன்னும் சொல்லட்டுமா?"

தேர்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அவங்க பாஸ்."

நாத்தனார் திரும்பி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். "அதை வெளிய வந்ததும் சொல்றதுக்கென்ன? மானம் போச்சு!"

நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அவளிடம் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன். "ரொம்ப நன்றிடி. நீ இல்லன்னா நான் இல்ல."

"சரி, சரி, விடுங்க. சேலை கசங்குது" என்றாள். ஆனால் அவள் கையும் என் முதுகை விடவில்லை.