மாமனாரோடு ஒரே சோபாவில்

மூன்று மாதமாகத் தினமும் மாலை ஏழு மணிக்கு டிரேவர் பால்ராஜ் அங்கிளோடு ஆன்லைனில் கார் பந்தயம் ஓட்டுகிறான் என்பது கோலார் தங்கவயலில் நாலு தெருவுக்குத் தெரிந்த செய்தி. ஓட்டுவது அவன் இல்லை, தங்கை கிரேஸ் என்பது பெங்களூர் விவேக் நகரில் ஒரே வீட்டுக்கு மட்டும் தெரிந்த செய்தி.

பால்ராஜ், டிரேவர் காதலிக்கும் பிரிசில்லாவின் அப்பா. சுரங்கம் மூடும்வரை வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். ஆட்கள் நிற்கும் கூண்டைப் பாதாளத்துக்கு இறக்கி, முழுசாக மேலே ஏற்றித் தருகிற வேலை. கை அசைவைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார் என்று பெயர். மகள் விஷயம் தெரிந்ததும் அவர் கோபப்படவில்லை. குவைத்திலிருக்கும் மகன் அனுப்பிய கேம் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, "அந்தப் பையன்கிட்டயும் இது கீதாமே? ஆன்லைன்ல வரச் சொல்லு, பாக்கலாம்" என்றார்.

வாத்தும் கரடியும் கார் ஓட்டும் விளையாட்டு அது. மூன்று வயதுக்கு மேல் யாரும் ஆடலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. டிரேவருக்கு வயது இருபத்தெட்டு. ஒத்திகையிலேயே அவனுடைய வாத்து பதினோரு முறை குளத்தில் விழுந்தது. வாத்துக்கு நீந்தத் தெரியாததும் அன்றுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு அவனுக்கு ஆபீசில் ஷிப்ட் முடியவே இரவு ஒன்பது ஆகும். ஆகவே அவன் பெயரில் கிரேஸ் உட்கார்ந்தாள். மைக் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்பா தினமும் உன்னைத்தான் கேக்கறாரு" என்று பிரிசில்லா போனில் பூரித்தாள். "'இன்னைக்கும் வந்தானே, பாத்தியா?'ன்னு. ஒருநாள் விடாம கேக்கறாரு."

மாமனார் மனம் இளகிவிட்டது என்று இருவரும் முடிவு கட்டினார்கள். கல்யாண மண்டபம் பார்க்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

அப்புறம்தான் அந்தச் சேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை குழந்தை இயேசு கோயிலில் பூசை முடித்துவிட்டு அங்கிள் டிரேவர் வீட்டுக்கே வருகிறார். நிச்சயத்தைப் பற்றி ஒரு முடிவு சொல்ல வேண்டுமாம். அதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு ஆட்டம்.

டிரேவர் தங்கையிடம் ஓடினான். "எல்லாம் போச்சு கிரேஸு. கையை முறிச்சிக்கிட்டேன்னு கட்டு போட்டுக்கவா?"

"சும்னே இருண்ணா. கை முறிஞ்ச மாப்பிள்ளைய எவன் ஒத்துக்குவான்?" என்ற கிரேஸ், தன் திட்டத்தைச் சொன்னாள். டிரேவர் கையில் செத்த கன்ட்ரோலர். உயிருள்ளது அவள் கையில். சோபாவுக்குப் பின்னால் சமையலறை. அதன் திரை இடுக்கில் டிவி முழுசாகத் தெரியும். "நீ சும்மா கையை ஆட்டிட்டு இரு. சின்ன வயசுல என்னை இப்படித்தானே ஏமாத்தின? அதே வித்தை."

விளக்கு எரியாதது தெரியாமலிருக்க, செத்ததின்மேல் ஒரு பிளாஸ்திரியும் ஒட்டினாள்.

பால்ராஜ் வந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஜெபமாலை. அம்மா கொண்டுவந்து வைத்த கட்லெட்டைத் தொடாமல் நேரே சோபாவில் உட்கார்ந்தார். டிவி இரண்டாகப் பிரிந்தது: மேலே டிரேவரின் வாத்து, கீழே அவருடைய கரடி.

"உன் கன்ட்ரோலரக் குடு" என்றார் அவர் திடீரென்று.

"எதுக்கு அங்கிள்?"

"எவ்ளோ தேய்ஞ்சிருக்குன்னு பாக்கறேன். என்னுத நீ வெச்சிக்கோ."

மறுக்க முடியுமா? வருங்கால மாமனார் கையில் பிணம் போயிற்று. டிரேவர் கைக்கு உயிர் வந்தது, முகத்திலிருந்து போய்விட்டது.

மூன்று, இரண்டு, ஒன்று. டிரேவரின் கரடி பின்பக்கமாகக் கிளம்பிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் புகுந்தது. வெளியே வந்து வேலியைக் கட்டிப்பிடித்தது. பிறகு குளம். கரடியும் நீந்தவில்லை. மேல் பாதியிலோ, சமையலறை புண்ணியத்தில் பால்ராஜின் வாத்து எல்லோரையும் முந்திப் பறந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் கர்வம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அந்தக் கர்வத்தில் பசி வந்துவிட்டது. கன்ட்ரோலரை மடியில் வைத்து, கட்லெட்டை எடுத்து இரண்டு கையாலும் பிட்டார்.

வாத்து வளைவில் அழகாகத் திரும்பியது. ஒரு சுற்று பின்தங்கிய கரடியைத் தாண்டியது. பாலத்தின் மேல் குட்டிக்கரணம்கூடப் போட்டது.

பால்ராஜ் மெல்வதை நிறுத்தினார். நெம்புகோலை விட்டால் கூண்டு நிற்க வேண்டும் என்பதில் இருபது வருட அனுபவம் உள்ளவர். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தபடியே கேட்டார்:

"உள்ள யாரு?"

"யாரும் இல்ல அங்கிள்" என்றது சமையலறைத் திரை.

அதற்கு மேல் என்ன ஒளிப்பது? டிரேவர் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டான். ஆபீஸ் ஷிப்ட், ரிப்பேர் ஆகாத மைக், மூன்று மாதம், எல்லாவற்றையும். பிரிசில்லாவுக்கு இனி வேறு வரன் பார்ப்பார்கள் என்றே நினைத்தான்.

பால்ராஜ் கட்லெட்டைத் தட்டில் வைத்தார். பிறகு, "அப்போ உனக்கு ஆடவே தெரியாதா?" என்றார்.

"தெரியாது அங்கிள்."

"கொஞ்சம்கூட?"

"பாத்தீங்களே."

"பாத்தேன். அத நடிக்க முடியாது." அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே! இன்னைக்கு 'பொண்ணு கெடையாது'ன்னு சொல்லிட்டுப் போகத்தான்யா வந்தேன்."

"அங்கிள்?"

"பின்ன? நான் ரிடையர்டு ஆளு, ஏழுலருந்து ஒம்பது வரைக்கும் ஆடுவேன். நீ வேலைக்குப் போற பையன். ஒருநாளாவது 'இல்ல அங்கிள், வேலை கீது'ன்னு சொல்லுவியான்னுதான் தெனம் கூப்ட்டேன். கிறிஸ்மஸ் ராத்திரிகூட வந்துட்ட! உருப்படாத கேஸுன்னு முடிவே பண்ணிட்டேன். எதுக்கும் கண்ணால ஒருவாட்டி பாத்துடலாம்னுதான் ரயில் ஏறுனேன்."

டிரேவரின் நெஞ்சிலிருந்து வந்த மூச்சு, தட்டிலிருந்த டிஷ்யூ பேப்பரைப் பறக்கவிட்டது.

"பொய் சொன்னது தப்புதான். அத சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கோ, என்னாண்ட வேணாம்." பால்ராஜ் இப்போதுதான் சமையலறைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பாலத்துல என்னத் தள்ளி வுட்டுக்கினே இருந்தது நீதானா?"

கிரேஸ் தலையை மட்டும் நீட்டினாள். "நீங்க குறுக்க வந்தா நான் என்ன பண்றது அங்கிள்?"

"நானா குறுக்க வந்தேன்? எங்கூர்ல நெட்டு நின்னு நின்னு வருது, அந்த கேப்புல தள்ளிட்டு பேச்சப் பாரு. இங்க ஏது நெட்டு? வா, உக்காரு. டேய் மாப்ளே, எந்திரி, எடத்த வுடு. நிச்சயத்த தவக்காலம் முடிஞ்சதும் வெச்சிக்கலாம்."

டிரேவர் எழுந்து சமையலறைக்குள் போனான். அம்மா கரண்டியோடு திகிலாய் நின்றிருந்தாள்.

"என்னடா ஆச்சு?"

"தோத்துட்டேம்மா" என்றான் அவன், முகமெல்லாம் பல்லாக.