தலைமை எழுத்தரின் தாகம்

பக்கவாதம் தலைமை எழுத்தரின் இடக்கையையும் இடக்காலையும் முடக்கியது முந்தாநாள்தான். ஆனால் வீட்டு வாசலை மிதித்ததும் அவருக்குக் கைகால் நான்குமே முடங்கிப்போவது, கல்யாணமான நாள்தொட்டு அவர் மனைவி கண்டுவரும் காட்சி. அலுவலகத்தில் ஆட்களை ஓட ஓட விரட்டுவார். வீட்டிலோ, எட்டும் தூரத்துத் தண்ணீருக்கும் குரல்தான் போகும், கை போகாது. குடும்பம் அதை மரியாதை என்றது. அவள் மனத்துக்குள் வைத்திருந்த பெயர் அச்சேறத் தக்கதன்று.

மருத்துவமனையில் அந்த மரியாதைக்குக் காவல் நின்றவர் அவருடைய அக்கா. வாயில் கரண்டி, முதுகில் தலையணை, நெற்றியில் ஈரத்துணி. தம்பி மேல் கொசு உட்கார்ந்தாலும் அக்காவே அடித்தார்.

காலையில் பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள்.

"டாக்டர் சொல்லிட்டாங்க சார். பிரஷர் நிலையா இருக்கு, விழுங்கறதும் சரியா இருக்கு. இன்னைக்கு நாற்காலியில உட்காரலாம்."

"ஏம்மா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்றார் அக்கா. "செத்துப் பிழைச்சவன். மூணு மாசம் அசையாம ராஜா மாதிரி படுத்துக் கிடக்கட்டும்."

"படுத்தே கிடந்தா ராஜாவுக்கும் முதுகு புண்ணாகும்மா. தோள் இறுகிடும், கால்ல ரத்தம் கட்டும். இப்பவே கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். ஆமா, வீட்டுக்குப் போனா யாரு பாத்துப்பீங்க?"

கேள்வி விழுந்ததும் அக்காவின் கண் சன்னலைத் தேடியது. மனைவிக்கு விடை விளங்கிவிட்டது. இந்த மனிதர் எழாவிட்டால், இனிக் காலமெல்லாம் இந்த உடம்பைப் புரட்டிப் புரட்டி ஒடியப்போவது அவள் இடுப்பு. மரியாதை அக்காவுடையது, மலச்சட்டி அவளுடையது.

"எழுப்புங்கம்மா," என்றாள்.

"கட்டினவளே இப்படிப் பேசலாமா?"

"மனசு கேக்கலைன்னா வெளிய போய் அழுதுட்டு வாங்க அண்ணி. இங்க இடம் வேணும்."

அக்கா போகவில்லை, பாசம் பொங்க, தம்பியின் துவண்ட கையைப் பற்றித் தூக்கப் போனார்.

"அந்தக் கையை இழுக்காதீங்க, தோள் கழண்டுடும்," என்று தடுத்தாள் பெண். நோயாளியைப் பக்கவாட்டில் புரட்டி உட்கார்த்தினாள். முடங்கிய முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து எழுப்பினாள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்த அமைச்சரவைபோல் ஆடி, நாற்காலியில் அமர்ந்தார் தலைமை எழுத்தர். அமர்ந்ததும் குழறலாக ஆணை பிறந்தது:

"தண்ணி."

பழகிய கால் ஓடியது. பாதி வழியில் நின்று, "எந்தப் பக்கம் வைக்கணும்?" என்று கேட்டாள் மனைவி.

"இடப்பக்கம். வலக்கையாலயே எடுக்கட்டும். உடம்பு அந்தப் பக்கம் சாயணும், வராத காலுக்குப் பாரம் போகணும்."

மனைவி சிறு மேசையை இடப்பக்கம் இழுத்து, டம்ளரை வைத்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

"பழி... வாங்கறியா?"

"ஆமாங்க. பாதி பழி, பாதி வைத்தியம்."

முறைத்தார். முறைப்புக்கு ஓடிவர ஆளில்லை. அக்காவை மனைவியின் முழங்கை மறித்திருந்தது. தாகத்துக்குப் பதவி தெரியாது. வலக்கை மார்பைக் கடந்து நீண்டது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. இடுப்பைத் தாங்கியிருந்த பெண், "பாதம் தரையை அழுத்துது, பாருங்க," என்றாள்.

டம்ளர் சாய்ந்து பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது. மீதியை அவரே வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்தார்.

"ஐயோ, நனைஞ்சுட்டானே," என்றார் அக்கா.

"காயும் அண்ணி."

அவர் டம்ளரை நீட்டினார். "இன்னும்."

மனைவி நிரப்பினாள், ஒரு சாண் தள்ளி வைத்தாள்.