கட்டை யார் பாக்கெட்டில்

மாமாவுக்கு இருப்பது, கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. மாமா என்றால் என் அக்கா புருஷன். இருவரும் சேர்ந்துதான் வயரிங் வேலைக்குப் போகிறோம். ஒரு வீட்டில் சுவிட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலிங் பெல் அடிக்கவில்லையே என்று வாசலுக்குப் போவார், அங்கிருந்து மோட்டாருக்கு. சாயங்காலம் பார்த்தால் எல்லாமே அரைகுறையாகத் திறந்து கிடக்கும். அவர் காதில் செருகியிருக்கும் ஸ்க்ரூடிரைவரை நான் ஏணிக்கடியில் தேடிக்கொண்டிருப்பேன்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் டூல் பாக்ஸிலேயே கிடந்தது.

"வாசல்ல கால் வைக்கும்போதே ஃபால்ட்டு எங்கன்னு எனக்குத் தெரியுதில்ல? மூளை நாலு பக்கமும் பாயறதாலதான். மாத்திரையைப் போட்டு அதைக் கட்டிப்போட்டா சோத்துக்கு என்ன பண்றது?" என்பார்.

"ஒத்துக்கலைன்னா நிறுத்திடலாம்னு டாக்டரே சொன்னாரே," என்பாள் அக்கா.

மாமா சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவரைத் தேடி ஆள் வருவதே அந்தப் பாய்ச்சலுக்காகத்தான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கரண்டை நிறுத்தப் பிடுங்கிய ஃபியூஸ் கட்டை, யாரும் மறுபடி செருகிவிடாதபடி, கம்பியைத் தொடுகிறவன் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். ஒருநாள் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் நான் ஏணியில் ஏறும்போது கட்டையைக் கேட்டேன்.

"என்கிட்ட இருந்தா என்ன, உன்கிட்ட இருந்தா என்ன? ஏறு," என்றார் மாமா.

ஏறினேன். கீழே வரவேற்பில் இருந்த பெண், கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று அவரிடம் முறையிட்டாள். பாவம் என்று மாமா போய்க் கட்டையைச் செருகிவிட்டார். கம்பியை நோக்கி என் கை போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஃபேன் சுற்ற ஆரம்பித்ததால் பிழைத்தேன்.

வீட்டில் நான்தான் சொன்னேன். மாமா தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கட்டை யார் பாக்கெட்ல இருந்துச்சு?"

வீடே இடியும்படி கத்துவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் அழுதாள். அதற்கு அவள் கத்தியிருக்கலாம்.

மறுநாள் காலை, டூல் பாக்ஸைத் திறந்து மாமா அட்டையைப் பிரித்தார். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஃபால்ட்டு தெரியாமப் போயிடுச்சுன்னா?"

"மெதுவா தேடுவோம் மாமா. ஃபால்ட்டு எங்க ஓடிடப் போகுது?"

விழுங்கினார். அவருக்குப் பயமாக இருந்தது தெரிந்தது. எனக்கும்தான்.

அன்றைய வேலை ஒரு தையல் கூடத்தில். மெயின் போர்டில் கட்டையைப் பிடுங்கியவர் நேராக என்னிடம் வந்து, அதை என் சட்டைப் பாக்கெட்டில் தானே போட்டார்.

"அதான் மாத்திரை போட்டாச்சே மாமா," என்றேன்.

"போட்டாச்சு. ஆனா ஏறப்போறது நீதானடா," என்று சொல்லி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.