மூன்று பேர் கேமராவும் கோவளத்து மீன்கொத்தியும்

தீபலட்சுமி தன் கேமராப் பங்கை விட்டுவிடுவதென்று முடிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிவிட வேண்டியதுதான். வருஷம் ஒன்றாகப் போகிறது. மீன்கொத்தி தண்ணீருக்குள் பாய்கிற அந்த ஒரே ஒரு படம், அதைக்கூட எடுக்க வக்கில்லாதவளுக்கு எதற்குக் கேமரா? நீங்களே சொல்லுங்கள்.

அதுவும் லேசுப்பட்ட கேமராவா அது! காட்டு விலங்கு, பறவை எடுப்பவர்களுக்கென்றே செய்தது. பட்டனை அமுக்கினால் சத்தமே வராது. ஆனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு கல்யாண ஆல்பத்துக்கு வேண்டிய படத்தை எடுத்துத் தள்ளியிருக்கும். தனியாளாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று மூன்று பேர் சேர்ந்து வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு வாரம். சனிக்கிழமை காலையில் மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் கைமாறும். வாங்குகிறவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் என்று தெரிந்த பிறகுதான் கொடுக்கிறவர் கையை எடுப்பார்.

ஒரு பங்கு ரவிக்கு. மார்க்கெட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கேமரா கைக்கு வந்த முதல் வாரமே கடை வாசல் அணிலுக்குக் குறிவைத்துப் பட்டனை அமுக்கினான். சத்தம் வராததால் படம் விழவில்லை என்று நினைத்து அமுக்கிக்கொண்டே இருந்துவிட்டான். கார்டு நிரம்பி வழிந்தது. "ஒரே அணிலு, ஒரே வேர்க்கடலை. எத்த வச்சிக்கிறது, எத்த அழிக்கிறதுன்னே தெர்லக்கா. ராவெல்லாம் பாத்துகினே கீறேன், பேஜாரா பூட்ச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றான். ஆனாலும் அதில் ஒன்று, அணில் தன் வாலையே பார்த்துத் திடுக்கிடுகிற படம், அமோகமாக அமைந்துவிட்டது. கடையில் பெரிதாக மாட்டியிருக்கிறான்.

இன்னொரு பங்கு லாசரஸுக்கு. ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். விதிமுறை இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். கைமாற்றுக்கும் அவரேதான் விதி போட்டார். பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், கார்டு காலியாக இருக்க வேண்டும், எந்த செட்டிங்கை மாற்றியிருந்தாலும் கொடுக்குமுன் பழையபடி வைத்துவிட வேண்டும். ரவி ஒரு தடவை செட்டிங்கைப் பழையபடி வைக்காமல் கொடுத்ததற்கு ஒரு மாதம் சொல்லிக்காட்டினார் மனிதர்.

அந்த மீன்கொத்திப் படம் அவருடையதுதான். கருப்பு வெள்ளை மீன்கொத்தி, தலைகீழாக, அலகு தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு நூலிழை முன்னால். அலுவலகச் சுவரில் அந்தப் படம், வாட்ஸ்அப்பில் அந்தப் படம், வீட்டில் காபி குடிக்கிற கோப்பையிலும் அந்தப் படம்.

"ரிஃப்ளெக்ஸ், தீபா. காலேஜ்ல டேபிள் டென்னிஸ் ஆடின கை இது. பறவை நினைக்கறதுக்கு முன்னாடி விரல் அமுக்கிடும்" என்பார். போகிற வருகிற சனிக்கிழமையெல்லாம் என்பார்.

தீபலட்சுமிக்கு எரிச்சல் எங்கே வரும் தெரியுமா? வேகத்துக்கே பேர்போனவள் அவள். பொழிச்சலூரில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறாள். காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பம்மல் சந்தில் குறுக்கே ஸ்கூட்டர் வந்தால், கற்றுக்கொள்கிறவள் "ஐயோ" என்று வாயைத் திறக்குமுன் இவள் கால் பிரேக்கில் இருக்கும். அப்படிப்பட்டவள் கேமராவைத் தூக்கினால் மட்டும் விரல் மரமாகிவிடும். மீன்கொத்தி பாய்வது தெரியும், அமுக்குவாள், பார்த்தால் தண்ணீரில் வெறும் வளையம். வருஷம் முழுக்க வளையம்.

"அக்கா, தண்ணி மட்டும் சூப்பரா வந்துகீது" என்பான் ரவி. அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் வலித்தது. நமக்கு இது வராது என்ற நினைப்பு ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்குமா? ரவியின் மச்சான் கதிரேசன் வேறு, "யாராச்சும் பங்கு விட்டா நான் வாங்கிக்கிறேன்" என்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். எடுத்துக்கொள்ளட்டும், மகராசனாக இருக்கட்டும் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அந்தக் கடைசி வாரத்துக்குக் கேமராவைக் கொடுத்தவர் லாசரஸ். அன்றைக்கு அவருக்கு மச்சினி மகள் நிச்சயதார்த்தம். டீகூடக் குடிக்காமல், கேமராவை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

வியாழக்கிழமை வகுப்பை ரத்து செய்துவிட்டுத் தீபலட்சுமி கோவளத்துக்குக் கிளம்பினாள். கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம், அவ்வளவுதான். படகுகள் கரையேறி, மீன் ஏலம் சூடுபிடித்திருந்தது. அதைத் தாண்டி, கழிமுகத்து ஓரத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் உட்கார்ந்தாள். எப்போதும்போலப் பட்டனைப் பாதி அமுக்கி, மீன்கொத்தியைக் குறியில் வைத்துக் காத்திருந்தாள். அது அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடித்தது. பாய்ந்தது. அமுக்கினாள். வழக்கம்போல லேட். அவளுக்கே நன்றாகத் தெரிந்தது, அமுக்கும்போது தண்ணீர் தெறித்துவிட்டிருந்தது.

"போடி இவளே" என்று தன்னையே திட்டிக்கொண்டு, துப்பட்டாவால் நிழல் கட்டித் திரையைப் பார்த்தாள்.

திரையில் மீன்கொத்தி இருந்தது! அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த படத்தில் தலை கவிழ்கிறது. அடுத்ததில் சிறகு மடங்குகிறது. அலகு, தண்ணீர், தெறிப்பு, எல்லாம் வரிசையாக, ஒன்றுவிடாமல்!

"ஐயோ! கெடச்சிருச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் ஏலம் ஒரு நிமிஷம் நின்றுபோனது. மீன்கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, செயின் கீது தொலைச்சிட்டியா?"

"இல்லக்கா, மீன்கொத்தி!"

"அட, அதுக்கா இந்த கத்து? நெதம் நூறு வரும் போ" என்றுவிட்டு அந்த அம்மாள் ஏலத்துக்குத் திரும்பினாள்.

சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும்தான் சந்தேகம் வந்தது. தான் அமுக்கியது லேட். பின்னே படம் எப்படி வந்தது? செட்டிங்கைக் குடைந்தாள். ஒரு மூலையில் 'ப்ரீ-கேப்ச்சர்' என்று இருந்தது, அது ஆனில் இருந்தது. ஃபோனில் தேடிப் படித்துப் பார்த்தாள். பட்டனைப் பாதி அமுக்கி வைத்திருந்தாலே போதுமாம், கேமரா உள்ளுக்குள் எடுத்துக்கொண்டே இருக்குமாம். முழுசாக அமுக்கும்போது, அதற்கு முந்தைய ஒரு விநாடியையும் சேர்த்துக் கொடுத்துவிடுமாம்.

படித்த தீபலட்சுமி படகின்மேல் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். டேபிள் டென்னிஸாம்! ரிஃப்ளெக்ஸாம்! நிச்சயதார்த்த அவசரத்தில் மனிதர் தன் விதியைத் தானே மறந்து, குட்டைத் தானே உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் சிரித்து முடித்ததும் அவளுக்குச் சப்பென்று ஆனது. அவர் கெட்டிக்காரர் இல்லை என்பதால் இவள் கெட்டிக்காரி ஆகிவிடுவாளா? இந்தப் படமும் கேமரா எடுத்ததுதானே. பங்கை விடும் முடிவு அப்படியே நின்றது.

வீட்டுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அன்று எடுத்த எல்லாப் பாய்ச்சலிலும் ஒரே சங்கதி இருந்தது. அந்தரத்தில் நிற்கும்போது மீன்கொத்தியின் வால் விசிறியாக விரிந்திருக்கிறது. பாயப் போகிறது என்றால் முதலில் அந்த வால் மூடிக்கொள்கிறது. அப்புறம்தான் தலை, அப்புறம்தான் சிறகு.

"அடிப்பாவி!" என்று எழுந்து நின்றாள் தீபலட்சுமி.

இது அவளுக்குத் தெரியாத விஷயமா! கற்றுக்கொள்கிற பெண் க்ளட்சை வெடுக்கென்று விடப்போகிறாள் என்பது அவள் காலில் தெரியாது, தோளில் தெரியும். தோள் லேசாக விறைக்கும். இவள் பார்ப்பது தோளைத்தான், அதனால்தான் இவள் பிரேக் முந்திக்கொள்கிறது. மீன்கொத்தியிடம் மட்டும் இத்தனை நாளாகப் பாய்ச்சலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ராத்திரி அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஆனால் தெரிந்துகொண்டது ஒன்று, நேரில் கண்ணுக்குப் பிடிபடுவது வேறு. அது நடக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பங்கு விஷயத்தைச் சனிக்கிழமை வரை தள்ளிப்போட்டாள்.

சனிக்கிழமை டீக்கடையில் கதிரேசனும் வந்து நின்றான். அக்கா பங்கை விடப்போகிறாள் என்று மூக்கில் வேர்த்திருக்க வேண்டும்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க்கா" என்றான்.

"எல்லாரும் கோவளம் போலாம் வாங்க. சார் கதிரேசனுக்கு அந்த ஷாட் எப்படி எடுக்கறதுன்னு காட்டட்டும்" என்றாள் தீபலட்சுமி. லாசரஸ் சட்டைக் காலரை ஒருமுறை தளர்த்திக்கொண்டார்.

அவளுடைய வகுப்புக் காரிலேயே போனார்கள். முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' போட்ட கார். வழி முழுக்க லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டது கண்டு ரவிக்கு ஒரே குஷி. "இன்னா மரியாதை பாருக்கா, மந்திரி காருகூட இப்டி போவாது!"

கழிமுகத்தில் மீன்கொத்தி வந்து அந்தரத்தில் நின்றது. தீபலட்சுமி கேமராவை லாசரஸிடம் நீட்டினாள். போன வாரம் ஆஃப் செய்ய மறந்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், செட்டிங் பக்கமே போகாமல் கால்களை அகட்டி நின்று, "பார்த்துக்கோ கதிரேசன், இது கையில இருக்கற விஷயம்" என்றார். மீன்கொத்தி பாய்ந்தது. அமுக்கினார். திரையைப் பார்த்தார்.

வளையம்.

"காத்து அடிக்குது" என்றார். மறுபடி வந்தது, மறுபடி அமுக்கினார். மறுபடியும் வளையம்.

"சார், தண்ணி சூப்பரா வந்துகீது!" என்றான் ரவி.

லாசரஸ் மெல்ல செட்டிங்கைத் திறந்து பார்த்தார். நிமிர்ந்து தீபலட்சுமியைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் பழையபடி வச்சுட்டேன் சார். விதின்னா விதிதானே?"

அவர் முகம் சிவந்தது, உதடு துடித்தது, அப்புறம் அடக்கமாட்டாமல் 'கெக்கெக்கே' என்று சிரிப்பு வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகின்மேல் உட்கார்ந்துவிட்டார். "பிடிச்சுட்டே தீபா! பிடிச்சுட்டே! அந்தப் பாழாப்போன நிச்சயதார்த்தம்!" என்றார். விஷயம் புரிந்ததும் ரவி மணலில் குந்திவிட்டான். "யோவ், ஒரு வர்சமா டென்னிசு டென்னிசுன்னு எங்க காதுல பூ சுத்திகினு இருந்தியா நீ!" சார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் பறந்துவிட்டது. லாசரஸ் அதற்கும் சேர்த்துச் சிரித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர், "சரி, அதை ஆன் பண்ணிடறேன், எல்லாருமே எடுப்போம்" என்று பட்டனுக்குப் போனார்.

"வேணாம் சார். ஆஃப்லயே இருக்கட்டும்" என்றாள் தீபலட்சுமி. "நீங்க பிடிங்க. நான் சொல்றப்போ அமுக்குங்க. யோசிக்காதீங்க, பறவையைப் பாக்காதீங்க, என் குரலை மட்டும் கேளுங்க."

மீன்கொத்தி வந்தது. நின்றது. சிறகு படபடத்தது, வால் விசிறியாக விரிந்தது. அவள் தலையைப் பார்க்கவில்லை, சிறகைப் பார்க்கவில்லை. காற்று, ஏலக் கூச்சல், பேருந்து ஹாரன், ஒன்றும் காதில் விழவில்லை. விசிறி மூடியது.

"பிரேக்!" என்று கத்தினாள். 'இப்போ' என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள், வாய்க்குப் பழகியது முந்திக்கொண்டது. லாசரஸ் விரல் அமுக்கியது. அவர் காலும் ஒருதரம் மணலை ஓங்கி மிதித்தது.

நான்கு தலைகளும் திரையின்மேல் கவிழ்ந்தன. மீன்கொத்தி அந்தரத்தில் இருந்தது, கவிழ்ந்தது, பாய்ந்தது, தண்ணீருக்குள் புகுந்தது, வாயில் வெள்ளியாக மீனோடு வெளியே வந்தது. அந்த மீன் லாசரஸின் காபிக் கோப்பைப் படத்தில்கூடக் கிடையாது.

"இன்னொரு தபா" என்றான் ரவி. இன்னொரு தரம் வந்தது, இன்னொரு தரம் "பிரேக்!" என்றாள், இந்த முறை அமுக்கியவன் ரவி. அதுவும் விழுந்தது. தீபலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. தனக்கு வராது என்று நினைத்தது அவளுக்குள்ளேயே வருஷக்கணக்காகக் கிடந்திருக்கிறது, என்ன செய்வாள் பாவம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

கதிரேசன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். "அக்கா, அப்ப அந்தப் பங்கு..."

"எந்தப் பங்கு?" என்றாள் தீபலட்சுமி. "உனக்கு வேணும்னா கார் ஓட்டச் சொல்லித்தரேன், வா."

மீனோடு வந்த அந்த முதல் படம் இப்போது ரவி கடையில் தொங்குகிறது, அணிலுக்குப் பக்கத்தில். இது யார் எடுத்த படம் என்று டீக்கடையில் ஒரு காலை முழுக்க சண்டை நடந்தது. கடைசியில் விதிப்படி தீர்மானித்து, லாசரஸே தன் கைப்பட அடியில் எழுதினார்: 'கண், தீபலட்சுமி. விரல், லாசரஸ்.' எழுதி முடித்ததும் ரவி பேனாவைப் பிடுங்கினான். அதை மாட்ட ஆணி அடித்தது யாராம் என்று கேட்டு, அவன் பெயரையும் எழுதிவிட்டுத்தான் விட்டான்.