தையல்காரியின் தொண்டையில் ஒரு பட்டறை

தன்னைத் தானே துண்டு துண்டாக வெட்டிக்கொண்ட பட்டறை ஒரு தையல்காரியின் தொண்டைக்குள் இருந்தது. உடம்பின் ஒரு செல் அளவுதான் அதன் பரப்பு. தையல்காரிக்கு அது தெரியாது. பட்டறைக்காரர்களுக்கும், மேலிருந்து அவ்வப்போது டீ வெள்ளமாக இறங்கும் என்பதற்கு மேல் அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதைப் போன்ற பட்டறைகள் சுவரோடு சுவராக நெருக்கியடித்து நின்றன. வாடகை கிடையாது, வீடு மாற்றிப் போகவும் முடியாது.

நடுவில் பூட்டிய அறை. அதற்குள் தாய்க்கயிறு. தையல்காரியின் மூக்கு முதல் முன்கோபம் வரை எல்லாம் நான்கே வகை முடிச்சுகளாக அதில் கிடந்தது. தாய்க்கயிறு வாசலைத் தாண்டியதில்லை. வேண்டிய துண்டை மட்டும் பார்த்துப் பார்த்து நகல் கயிறு முடிந்து வெளியே அனுப்புவது ஒரு பெண்ணின் வேலை. அதைத் தடவிப் படிப்பது அவள் கணவர், முடிச்சுக்காரர். மூன்று முடிச்சைத் தடவி அவர் குரல் கொடுத்தால், அந்த மூன்றுக்கென்றே இருக்கும் சுமையாள் தன் வளையத்தோடு ஓடிவந்து, முந்தைய வளையத்தில் கோத்துவிட்டுப் போவான். ‘போதும்’ என்று பொருள்படும் மூன்று முடிச்சு வந்ததும் சங்கிலி கழன்று விழும். விழுந்த சங்கிலி, யாரும் தொடாமலே தன்னை முறுக்கி மடித்துக்கொண்டு, கதவாகவோ தூணாகவோ பம்பாகவோ எழுந்து வேலைக்குப் போய்விடும். கோணலாக மடிந்தவற்றை முடிச்சுக்காரரின் மச்சான் அரவையில் போட்டு மறுபடி வளையங்களாக உதிர்ப்பான். படித்துப் பழசான நகல்களைக் கிழிப்பதும் அவன்தான். மச்சானுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

முடிச்சுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு படிப்பவர். கயிற்றின் தலையில் தொப்பி, வாலில் நீளக் குஞ்சம், இரண்டும் இருந்தால் போதும். எங்கிருந்து வந்தது, படித்தால் என்ன ஆகும் என்று கேட்பது தொழிலுக்கு இழுக்கு என்பார். வீட்டிலும் அப்படியே, தட்டில் விழுந்ததை என்னவென்று கேட்காமல் சாப்பிட்டார். ஒரே மகளைச் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பட்டறையில் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை என்ன வேலை என்றுகூட விசாரிக்கவில்லை. மகள் அங்கே போயும் முடிச்சுதான் படித்தாள்.

சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் தையல்காரியின் முகத்துக்கு நேரே தும்மினார். அந்தத் தும்மலில் வந்தவன் உடம்பெல்லாம் குமிழ் வைத்த கோட்டோடு பட்டறைக் கதவைத் தட்டினான். கதவு அவனைச் சொந்தக்காரன் என்று நினைத்துத் திறந்தது. உள்ளே வந்ததும் கோட்டு கழன்று விழுந்தது. அதற்குள் ஆள் இல்லை, ஒரு கயிறு மட்டும் இருந்தது. தொப்பி சரியாக இருந்தது, குஞ்சமும் இருந்தது. முடிச்சுக்காரர் கண்ணை மூடிப் படித்தார். சங்கிலி விழுந்தது, மடிந்தது, கோட்டு போட்டுக்கொண்டு எழுந்து, அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தது.

“இன்னொண்ணு” என்றது.

அதன்பின் அந்தக் கயிற்றைத் தவிர வேறு எதையும் படிக்க விடவில்லை. படிக்கப் படிக்கக் கோட்டுக்காரர்கள் பெருகினார்கள். கோட்டுக்காரர்கள் மனைவி அனுப்பிய நகல்களின் தலையைக் கடித்துத் துப்பினார்கள். வளையம் தர மறுத்த சுமையாட்களின் தோளை முறித்தார்கள். தூண்களைப் பிடுங்கி அவற்றாலேயே அடித்தார்கள். மச்சானின் வலது கையை முழங்கைவரை அவன் அரவையிலேயே விட்டு ஓட்டினார்கள். முடிச்சுக்காரர், விரல் தோல் உரிந்து, சதை தேய்ந்து, கடைசியில் எலும்பால் படித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நிறுத்தித் தொலைங்க” என்றான் மச்சான்.

“படிக்கத்தான்டா பழகியிருக்கேன். நிறுத்த யார் சொல்லிக்கொடுத்தா?”

இடம் போதாமல் கோட்டுக்காரர்கள் மகள் வீட்டுச் சுவரைத் தலையால் முட்டத் தொடங்கினார்கள். சுவர் உப்பியது. அந்தப் பக்கத்திலிருந்து மகள், அங்க என்னப்பா சத்தம் என்று கேட்டாள். அவர் வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு அடுத்த மூன்று முடிச்சைத் தடவினார்.

அப்போது மனைவி, உப்பிய சுவரைப் பார்த்துக்கொண்டே, பூட்டிய அறையைவிட்டு வெளியே வந்தாள். யாரையும் நம்பாமல் தானே கையில் கொண்டுவந்த நகல், தாய்க்கயிற்றில் இதுவரை அவள் தொடாத ஒரு மூலையிலிருந்து எடுத்தது.

“இதப் படிங்க. என்னன்னு கேக்காதீங்க.”

“நான் என்னிக்குக் கேட்டேன்?”

ஆனால் அன்று கண்ணைத் திறந்து அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவள் அழுதிருந்தாள். மூன்றாவது வளையம் கோப்பதற்குள் விரலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, ‘போதும்’ வரை, ஒரு முடிச்சுகூட விடாமல் படித்து முடித்தார்.

விழுந்த சங்கிலி கத்தரியாக மடிந்தது. ஒரு கத்தரி உறங்கிக் கிடந்த மற்ற கத்தரிகளை எழுப்பியது. அவை கோட்டுக்காரர்களை இடுப்போடு வெட்டின. தூண்களை, பம்புகளை, சுமையாட்களை வெட்டின. பூட்டிய அறைக்குள் புகுந்து தாய்க்கயிற்றைச் சீரான துண்டுகளாக நறுக்கின. “அப்பாடா, என் வேலைக்கு ஆள் வந்தாச்சு” என்று மச்சான் சிரித்தான். சிரிப்பு பாதியில் வெட்டுப்பட்டது. முடிச்சுக்காரரின் விரல்களைக் கடைசியாகத்தான் எடுத்தன. அவற்றை மனைவி பிடித்துக்கொண்டிருந்ததால் அவள் கையையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது.

கத்தரிகளுக்கு ஒழுங்கு உண்டு. எதையும் சிதறவிடாமல் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டிச் சுவரோரம் வைத்தபின்தான் ஓய்ந்தன. மகள் மூட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒன்றில் எலும்புவரை தேய்ந்த கட்டைவிரல் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, உதவும் வளையங்களைப் பிரித்தெடுத்தாள். பக்கத்தில் காலியாகிவிட்ட இடத்துக்கு இன்னொரு பட்டறை வேண்டும். அவளுடையதுதான் இரண்டாகப் பிரிய வேண்டும்.

மேலே தையல்காரி துணியில் படாமல் முகத்தைத் திருப்பி ஒருமுறை இருமினாள். தொண்டை எப்படி இருக்கிறது என்று கணவன் கேட்டான்.

“பரவால்ல. காலைல என்னமோ குத்துச்சு. இப்ப இல்ல.”

டீயைக் குடித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். கீழே மகள் வெள்ளம் வடியும்வரை காத்திருந்தாள். பிறகு அடுத்த கயிற்றை எடுத்து, தொப்பியைப் பார்த்து, குஞ்சத்தைப் பார்த்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே முதல் மூன்று முடிச்சைத் தடவினாள்.